புதிதாக வந்த நாய் இரவில் உறங்குவதில்லை: நல்ல உறக்கப் பழக்கத்தை ஏற்படுத்துவது எப்படி?

முல்லைக்கொடி (வினா)

அனைவருக்கும் வணக்கம். காப்பகம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு வயதுள்ள பெண் நாய் ஒன்றை அண்மையில் தத்தெடுத்திருக்கிறோம். மின்னி என்று பெயரிட்டிருக்கிறோம். பகலில் சாதுவாகவே இருக்கிறாள். வைத்த உணவைச் சாப்பிடுகிறாள், நடைக்கு அழைத்தால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறாள். இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

கூடத்தில் அவளுக்கென்று மெத்தை விரித்திருக்கிறோம். அதில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுப்பாள். முன்னங்கால்மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடப்போகும் நேரத்தில் ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கினால் போதும், முதலில் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பும், அடுத்துத் தலை நிமிரும், பிறகு எழுந்தே விடுவாள். அதற்குப் பின் வாசற்கதவுக்கும் எங்கள் படுக்கையறைக் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பாள். நள்ளிரவுக்கு மேல் முனகல் தொடங்கும், சில சமயம் மூச்சிரைக்கும். விடியற்காலையில் களைத்துப்போய் சோஃபாவுக்கு அடியில் புகுந்துகொண்டு பகலின் பெரும்பகுதியை அங்கேயே உறங்கிக் கழிக்கிறாள்.

வீட்டுப் பெரியவர்கள், "அழட்டும் விடு, எழுந்து போனால் அழுதால் ஆள் வரும் என்று பழகிவிடும்" என்கிறார்கள். நாய் வளர்க்கும் தோழி ஒருத்தியோ, படுக்கையறைக்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள். இரண்டில் எது சரி? பகல் உறக்கத்தைக் குறைத்தால் இரவில் உறங்குவாளா? இரவு உணவை எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும்? மருத்துவரிடம் காட்ட வேண்டிய அளவுக்கு இது பெரிய விஷயமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

ஆலமரநிழல்

வணக்கம் சகோதரி. காப்பக நாய்களைத் தத்துக் கொடுப்பதற்கு முன் சில காலம் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் அதே நடமாட்டத்தைப் புதிதாக வந்த எத்தனையோ நாய்களிடம் பார்த்திருக்கிறேன். இதைப் பிடிவாதமாகவோ கெட்ட பழக்கமாகவோ எண்ண வேண்டாம். உறங்குவதென்றால் காவலைக் கைவிட வேண்டும். இந்த வீட்டில் காவலைக் கைவிடலாம் என்பது மின்னிக்கு இன்னும் உறுதிப்படவில்லை. காப்பகத்தில் இரவு முழுவதும் பக்கத்துக் கூண்டுகளில் ஏதேனும் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் உறங்கிப் பழகிய உயிருக்கு உங்கள் வீட்டின் அமைதியே புதிது. அந்த அமைதியின் நடுவே திடீரென்று கேட்கும் மோட்டார் ஓசை அதைவிடப் புதிது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம்மைப் போல் ஏழெட்டு மணி நேரம் ஒரே மூச்சாக உறங்குவது நாயின் இயல்பு அன்று. நாய்களின் இரவு நடத்தையைக் கவனித்து 1993இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், அவை சராசரியாக 16 நிமிடம் உறங்குவதும் 5 நிமிடம் விழித்திருப்பதுமாக இரவு முழுவதும் மாறி மாறிக் கழிப்பது தெரியவந்தது. ஆகவே மின்னி விழித்துக்கொள்வதை நம்மால் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. வீட்டோடு ஒன்றிப்போன நாய் விழித்து, சுற்றுமுற்றும் பார்த்து, எல்லாம் இருந்தபடியே இருக்கிறது என்று கண்டதும் மறுபடி தலையைச் சாய்த்துவிடும். புதிய நாயால் அந்த இரண்டாவது பாதியைத்தான் செய்ய முடிவதில்லை. விழித்ததும் மறுபடி படுக்கும் துணிவை அதற்கு எப்படித் தருவது என்பதே நம் முன்னால் உள்ள கேள்வி.

அதனால் உங்கள் முதல் வினாவுக்கு என் விடை: உங்கள் தோழி சொன்னதே சரி. மெத்தையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் முதுகைத் தொடும் தூரத்தில் போடுங்கள். படுக்கையறையில் நாய் வேண்டாம் என்பது வீட்டாரின் முடிவானால், யாராவது ஒருவர் சில இரவுகள் கூடத்தில் மின்னிக்கு அருகில் படுத்துக்கொள்ளுங்கள். விழிக்கும்போதெல்லாம் பழகிய ஒருவரின் மூச்சும் மணமும் பக்கத்தில் இருந்தால், அவள் எழுந்து வந்து தேட வேண்டிய அவசியம் இராது. இது நிரந்தர ஏற்பாடாக இருக்க வேண்டியதில்லை. அவள் நிம்மதியாக உறங்கத் தொடங்கிய பிறகு மெத்தையைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போய், நீங்கள் விரும்பும் இடத்தில் நிலைப்படுத்தலாம்.

அழட்டும் என்று விட்டால் அடங்கிவிடும் என்பதைப் பெரியவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. அழுகை நின்றுவிடுவதை அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆனால் நின்றது அழுகைதானே தவிர அச்சம் நீங்கியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் உள்ள ஓட்வோஷ் லோராந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், நாய்களின் தலையில் வலியில்லாத மின்முனைகளை ஒட்டி அவற்றின் உறக்கத்தைப் பதிவுசெய்து வருகிறார்கள். இனிமையான அனுபவத்துக்குப் பின் உறங்கிய நாய்களையும் மனக்கலக்கம் தரும் அனுபவத்துக்குப் பின் உறங்கிய நாய்களையும் 2017இல் அவர்கள் ஒப்பிட்டபோது, கலக்கமுற்றவையே விரைவாக உறங்கிப்போயின. ஆனால் உறக்கத்தின் அமைப்பு மாறியிருந்தது. கனவு நிலைக்கு அப்பாற்பட்ட அமைதியான உறக்கம் இனிமையான அனுபவம் பெற்ற நாய்களுக்கே கூடுதலாக வாய்த்தது. எனவே அழுது ஓய்ந்த நாய் சட்டென்று உறங்குவதைப் பழகிவிட்டதற்கான சான்றாகக் கொள்ள நான் தயங்குவேன்.

பகல் உறக்கத்தைக் குறைக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் வரை உறங்கும். அதில் ஒரு பகுதி எப்படியும் பகலில்தான் நிகழும். போதிய உறக்கமில்லாத நாய் மாலையில் அமைதியாகிவிடாது. சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு, எதற்கும் குரைத்து, படுக்கவே முடியாமல் தவிக்கும். சோஃபாவுக்கு அடியில் அவள் உறங்குவதும் ஒரு செய்திதான். மேலே மறைப்பும் பின்னால் சுவரும் இருக்கும் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறாள். இரவுப் படுக்கையையும் அதே போல, ஆள் நடமாடும் வழியிலிருந்து விலக்கி, சுவர் மூலையில், கதவு கண்ணுக்குத் தெரியும்படி அமைத்துக் கொடுங்கள். அவள் ஏற்கெனவே படுத்துப் பழகிய விரிப்பைத் துவைக்காமல் அதன்மேல் போடுங்கள்.

மாலை நேரத்தைப் பொறுத்தவரை, மணிக்கணக்கைவிட வரிசைக்கு நான் அதிக முக்கியத்துவம் தருவேன். உறங்கும் நேரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பாக இரவு உணவு, அதன் பின் சற்று ஓய்வு, பிறகு நிதானமான ஒரு நடை, அடுத்து மெல்லுவதற்கோ நக்குவதற்கோ ஏதேனும் ஒன்று, விளக்கின் ஒளியைக் குறைத்தல், இறுதியாகச் சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லுதல் என்று ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நடந்தால், ஒன்று முடிந்ததும் அடுத்தது என்ன என்பதை நாய் முன்கூட்டியே அறிந்துகொள்ளும். நடையின்போது வேகமாக இழுத்துச் செல்லாமல், ஒவ்வொரு மரத்தடியிலும் அது விரும்பும் வரை மோப்பம் பிடிக்க விடுங்கள். மோப்பம் பிடிப்பது நாயின் மனத்தை உழைக்கவும் வைக்கிறது, அமைதிப்படுத்தவும் செய்கிறது. களைப்படைந்தால் உறங்கும் என்று எண்ணி இரவில் பந்தை எறிந்து ஓட விடுவதைப் பலர் செய்கிறார்கள். அது உடலைக் களைக்கச் செய்தாலும் மனத்தைக் கிளர்ந்த நிலையிலேயே விட்டுவிடுகிறது. தண்ணீரை மட்டும் எந்நேரத்திலும் மறைத்து வைக்காதீர்கள்.

நடு இரவில் அவள் எழுந்து கதவருகே நின்றால் வெளியே அழைத்துச் செல்லுங்கள். கழுத்துப்பட்டையில் வாரைப் பூட்டி, குறைந்த ஒளியில், ஒரே இடத்துக்கு, பேச்சும் விளையாட்டும் இல்லாமல் போய்வர வேண்டும். சிறுநீர் கழித்ததும் மெதுவான குரலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, நேராகப் படுக்கைக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

வெண்தாமரை

நான் கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஆலமரநிழல் கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் உறக்கத்தைப் பழக்கத்தால் சீர்செய்ய முயலும் முன்பே உடல்நலத்தைச் சோதித்துவிட வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன். புதிதாகத் தத்தெடுத்த நாயை எப்படியும் முதல் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அப்போது இரவில் உறங்காததையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

குறிப்பாக ஒன்றைக் கேட்க வேண்டும்: மின்னிக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை எப்போது நடந்தது? பல காப்பகங்கள் தத்துக் கொடுப்பதற்குச் சற்று முன்பே அதைச் செய்வதால், தையல் ஆறாத நிலையிலேயே நாய் புதிய வீட்டுக்கு வந்துவிடும். பகலில் ஆட்களின் நடமாட்டத்தில் மறந்திருக்கும் வலி, இரவில் அசையாமல் படுக்கும்போது வெளிப்படும். தையல் இருக்கும் இடம் சிவந்தோ வீங்கியோ ஈரமாகவோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. அறை வெப்பமாக இல்லாதபோதும் மூச்சிரைப்பது, படுத்தவுடன் எழுந்து இடம் மாறுவது, முதுகை வளைத்து நிற்பது ஆகியவை அச்சத்தாலும் வரும், வலியாலும் வரும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது அரிப்பு. தெள்ளுப்பூச்சி, உண்ணி, காதில் சீழ், தோல் ஒவ்வாமை ஆகிய எல்லாமே உறக்கத்தைக் கெடுக்கும். இரவில் காதைச் சொறியும் ஓசையோ தலையை உதறும் ஓசையோ அடிக்கடி கேட்டால் காதுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிப்பது சிறுநீர்ப்பை அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருந்தால் தாகமும் சிறுநீரும் பெருகும். அந்த நாயால் இரவு முழுவதும் அடக்கிக்கொள்ள இயலாது, அதற்காக அதைக் கடிந்துகொள்வதும் முறையன்று.

நன்றாக உறங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். மார்பு ஒருமுறை உயர்ந்து தாழ்வதை ஒன்றாகக் கொண்டால், அமைதியான உறக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் குறைவாக இருப்பதே இயல்பு. பல முறை எண்ணியும் அதற்கு மேலேயே இருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உறக்கத்தில் கால்கள் ஓடுவதுபோல் துடிப்பதையும், வாயைத் திறக்காமலே மெல்லக் குரைப்பதையும் கண்டு பலர் வலிப்பு என்று அஞ்சி வருகிறார்கள். கனவு நிலை உறக்கத்தில் இமைக்குள் விழிகள் அசையும், மீசை முடிகள் துடிக்கும், பாதங்கள் விட்டுவிட்டு அசையும். பெயரைச் சொல்லி அழைத்தால் நாய் தெளிவாக விழித்துக்கொள்ளும். வலிப்பில் உடல் விறைக்கும், உமிழ்நீர் வடியலாம், தன்னையறியாமல் சிறுநீர் போகலாம், அழைத்தாலும் உணர்வு திரும்பாது, முடிந்த பின்னும் சிறிது நேரம் குழம்பிய நிலையில் இருக்கும். ஐயம் இருந்தால் கைபேசியில் காணொளி எடுத்து வந்து காட்டுங்கள்; வாய்ச்சொல்லால் விளக்குவதைவிட அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.

மனிதர்களுக்கான உறக்க மாத்திரையையோ சளி மருந்தையோ கொடுத்து உறங்க வைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அவற்றில் சில நாய்க்கு நேரடியாகவே தீங்கு செய்யும். மெல்லும் மாத்திரைகளிலும் திரவ மருந்துகளிலும் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பதற்றத்தைத் தணிக்கும் மருந்து உண்மையிலேயே தேவைப்படும் நாய்கள் உண்டு. அதை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டும்.

மழைக்குருவி

இந்த உரையாடலைப் படிப்பவர்களில் குட்டி வளர்ப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், வேறுபடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எட்டு வாரக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை உறங்க வேண்டும். தாயோடும் உடன்பிறப்புகளோடும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து உறங்கிய உயிர் அது. முதல் இரவில் வாழ்க்கையில் முதன்முறையாகத் தனியே படுக்கிறது. அந்த அழுகைக்குச் செவிசாய்ப்பது செல்லம் கொடுப்பதாகாது. மேலும் அதன் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. வயதை மாதங்களில் கணக்கிட்டு அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையே அது அதிகபட்சமாக அடக்கிக்கொள்ளக்கூடிய மணி நேரம் என்று தோராயமாகச் சொல்வார்கள். அதாவது இரண்டு மாதக் குட்டியிடம் மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அது அழுது எழுப்பும் முன் நாமே எழுந்து வெளியே எடுத்துச் சென்றுவிட்டால், அழுகை ஒரு பழக்கமாக மாறுவதும் தவிர்க்கப்படும்.

மாலையில் குட்டி கண்மண் தெரியாமல் ஓடுவதையும் கை கால்களைக் கடிப்பதையும் பார்த்து, இன்னும் விளையாட வேண்டும் போலும் என்று எண்ணி மேலும் விளையாட்டுக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அது உறக்கம் மிஞ்சிப்போன நிலை. குட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம் விழித்திருந்தாலே அமைதியான இடத்தில் படுக்க வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முல்லைக்கொடி

பதிலளித்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருத்துவர் அம்மா கேட்டது போலவே, கருத்தடைச் சிகிச்சை தத்தெடுப்பதற்குச் சற்று முன்புதான் நடந்திருக்கிறது. மருத்துவரிடம் காட்டினோம், தையல் நன்றாக ஆறிவருகிறது, ஆனால் ஒரு காதில் அழற்சி இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். மெத்தையையும் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டோம். இப்போது நடமாட்டம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. நடுவில் எழுந்தாலும் என் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி படுத்துவிடுகிறாள்.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. விடிவதற்கு முன்பே எழுந்து, உணவு வைக்கும் வரை முனகுகிறாள். என் கணவர் பணி முடிந்து நள்ளிரவுக்குப் பின் வரும் நாட்களில் திடுக்கிட்டுக் குரைக்கிறாள், பிறகு உறங்க நெடுநேரம் ஆகிறது. எங்கள் ஆறு வயது மகன் அவள் உறங்கும்போது போய்க் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். கூண்டு வாங்கினால் இவற்றுக்கெல்லாம் தீர்வு கிடைக்குமா?

ஆலமரநிழல்

காதில் வலி இருந்ததைக் கண்டுபிடித்ததே பெரிய உதவி, சகோதரி. பாதி நடமாட்டம் அதனால்கூட இருந்திருக்கலாம்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் வருகிறேன். கூண்டு நல்ல கருவிதான், ஆனால் அது நாய் விரும்பிப் புகும் குகையாக இருக்கும் வரைக்கும்தான். உள்ளே எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். கதவைத் திறந்தே வைத்து, பகலில் உள்ளே உணவு கொடுத்து, தானாகப் போய்ப் படுக்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே சிறிது நேரம் மூடிப் பார்க்க வேண்டும். காப்பகத்தில் அடைபட்டிருந்த சில நாய்களுக்குக் கம்பிகளைக் கண்டாலே பதற்றம் வரும். பல் உடையும் வரை கம்பியைக் கடிப்பவை உண்டு. மின்னி உங்கள் கட்டிலருகே அமைதியாகப் படுக்கிறாள் என்றால் அவளுக்கு இப்போது கூண்டு தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. சோஃபாவுக்கு அடியில் படுக்க விரும்புகிறவள் என்பதால், ஒரு சிறு மேசைமேல் துணியைத் தொங்கவிட்டு அதன் கீழ் படுக்கை அமைத்தாலே போதுமானது.

விடியற்காலை எழுச்சிக்கு இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று வெளிச்சமும் ஓசையும். தடித்த திரைச்சீலை போட்டு, மின்விசிறியின் சீரான ஓசையை இரவு முழுவதும் ஓட விட்டால் வெளியோசை அமுங்கும். மற்றொன்று, எழுந்தவுடன் உணவு கிடைப்பது. எழுந்ததற்கும் உணவுக்கும் இடையே வேறு வேலைகளைப் புகுத்துங்கள். வெளியே அழைத்துச் சென்று வந்து, நீங்கள் முகம் கழுவி, மற்ற வேலையைத் தொடங்கி, அவள் முனகாமல் இருக்கும் ஒரு வேளையில் கிண்ணத்தை வையுங்கள். உணவு நேரத்தை நாளுக்குப் பத்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டே போகலாம். ஆனால் எழுந்ததும் சிறுநீர் கழிக்கக் கேட்டால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் கணவர் வரும் நாட்களில், கதவைத் திறக்கும் முன் வெளியிலிருந்தே மெல்லிய குரலில் அவளை அழைக்கட்டும். யாரென்று தெரியாமல் பூட்டு திறக்கும் ஓசைதான் அவளை உலுக்குகிறது. உள்ளே வந்ததும் கொஞ்சிக் குலாவாமல், அவள் வந்து முகர்ந்து பார்க்கும் வரை அமைதியாக நின்று, பின்பு தம் வேலையைப் பார்க்கலாம். அவர் அணிந்த சட்டை ஒன்றைப் படுக்கையருகே போட்டு வைப்பதும் உதவும். அவர் மணம் இரவின் ஒரு பகுதியாகிவிடும்.

மகனைப் பற்றிக் கேட்டதில்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். உறங்கும் நாயைக் குழந்தை தொடவே கூடாது. அன்பான நாய்கூட ஆழ்ந்த உறக்கத்தில் தீண்டப்பட்டால், யாரென்று அறியும் முன்பே கடித்துவிடக்கூடும். முகம் அருகில் இருப்பதால் குழந்தைக்குக் காயமும் முகத்திலேயே படும். தரையில் ஒரு கோடு போல நாடாவை ஒட்டி, மின்னி அதற்குள் படுத்திருக்கும்போது யாரும் போகக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று பெயர் சொல்லி அழைத்து, அவளாக எழுந்து அவனிடம் வந்தால் மார்பையும் தோளையும் தடவிக் கொடுக்கலாம். இதைப் பழக்கும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

காது முழுமையாகக் குணமாகும் வரை மெத்தையை இப்போதுள்ள இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள். அதன் பின்னர், தொடர்ந்து பல இரவுகள் அவள் எழுந்து நடமாடாமல் உறங்கினால், ஒரு கை அகலம் கதவுப் பக்கமாக நகர்த்திப் பாருங்கள். நகர்த்திய இரவில் நடமாட்டம் திரும்பினால் மறுநாளே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்து முயலுங்கள்.